லட்சக்கணக்கான மெயிலும் ஒரே ஒரு மனுவும்

இன்னைக்கு எபிசோடை ஏரல்ல இருந்து ஆரம்பிப்போம்.

2023 டிசம்பர் 17, 18. பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை. தாமிரபரணி பெருகி, ஏரல் பாலம் சேதமாகி, ஊர் தீவாகிடுச்சு. தண்ணி எந்தப் பக்கம் உடைச்சுது, எந்த ஓடை அடைஞ்சு கிடந்துதுன்னு கடைத்தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அந்த விவரம் டெல்லியில விதி எழுதுறவங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அதுக்குச் சட்டத்துலயே வழி இருக்கு. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள்படி, வரைவு அரசிதழ்ல வந்ததும் 60 நாளுக்குள்ள யார் வேணும்னாலும் ஆட்சேபம் எழுதலாம். அரசு அதைப் பரிசீலிக்கணும்.

இப்போ அந்தக் கடிதத்தை ஏஐ எழுதித் தருது. நல்லதுதானே? பதிலுக்கு முன்னாடி 2020-க்குப் போவோம்.

அந்த வருஷம் மார்ச்ல, ஊரடங்கு சமயத்துல, இஐஏ 2020 வரைவு வந்துச்சு. ஒரு திட்டம் வந்தா சுற்றுச்சூழல் பாதிப்பை எப்படி மதிப்பிடணும்னு சொல்ற விதி. மக்கள் கருத்துக் கேட்புக்கான அவகாசத்தை 30 நாள்ல இருந்து 20 நாளாக் குறைச்சது. வந்தது இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான். ஜூன் 30-ல டெல்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டிச்சு, 22 மொழிகள்ல மொழிபெயர்க்கச் சொன்னது. அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு.

இளைஞர்கள் என்ன செஞ்சாங்க? ரெடிமேட் மெயில். பட்டனைத் தட்டினா அமைச்சருக்குப் போயிடும். மொத்தம் 15 லட்சத்துக்கும் மேல கருத்துகள் குவிஞ்சது. அமைச்சரோட இன்பாக்ஸ் நிரம்புதுன்னு புகார் போக, ‘ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா’ தளம் முடக்கப்பட்டது. டெல்லி போலீஸ் அனுப்பின ஒரு நோட்டீஸ்ல உபா சட்டமே இருந்துச்சு. அப்புறம், அது தவறுதலாப் போயிடுச்சுன்னு திரும்ப வாங்கிக்கிட்டாங்க.

அது அநியாயம். ஆனா ரெடிமேட் மெயிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே மாதிரி வந்த பத்து லட்சம் மெயிலை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ‘ஒரே கருத்து’ன்னு சுருக்கிடலாம். ஏஐ அந்தப் பிரச்சினையைத் தீர்க்குது, ஒவ்வொண்ணையும் வேற வேற நடையில எழுதிடும். ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது.

சாட்ஜிபிடி வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 2019-ல, மேக்ஸ் வைஸ்னு ஒரு ஹார்வர்டு மாணவர் இதைச் செஞ்சு காட்டினார். அமெரிக்காவுல ஐடஹோ மாநில மருத்துவ உதவித் திட்டத்துல ஒரு மாற்றம் வர இருந்துச்சு. அதுக்கு 1,001 கருத்துகளை மெஷினை வச்சு அனுப்பினார். வந்த மொத்தக் கருத்துகள்ல அது பாதிக்கு மேல. மனுஷங்களால அதைப் பிரிச்சுப் பார்க்க முடியலை. அவரே உண்மையைச் சொல்லி விலக்கச் சொன்னார். சொல்லாம விடுறவங்களை என்ன பண்றது?

அப்போ அதிகாரிக்கு எல்லாக் கடிதமும் சந்தேகக் கேஸ் ஆயிடும். நஷ்டம் பெரிய கம்பெனிக்கு இல்லை, அவங்களுக்கு வக்கீல் இருக்காங்க. தன் வாழைத்தோட்டத்துல தண்ணி நின்ன கதையைச் சொந்தமா எழுதின ஏரல் விவசாயிக்குத்தான் நஷ்டம்.

இன்னொரு பக்கம் பாருங்க. ஏரலுக்கு மேற்கே, அதே ஆத்தங்கரையில ஸ்ரீவைகுண்டம். அங்க பிறந்தவர் நல்லகண்ணு. தாமிரபரணியில மணல் அள்ளுறதை எதிர்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளையில தானே நின்னு வாதாடினார். 2010-ல மணல் அள்ளத் தடை வந்துச்சு. அப்போ அவருக்கு வயசு 85-ஐ ஒட்டி இருந்தது. அது ஒரே ஒரு மனுதான், ஆனா அந்த ஆத்தைத் தெரிஞ்ச ஆள் போட்ட மனு.

நீதிமன்ற மனுவும் பொதுக்கருத்தும் ஒண்ணில்லை, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டுலயும் எடை தர்றது, வேற யாருக்கும் தெரியாத விவரம்தான்.

அதனால நான் சொல்றது இதுதான். ஏஐயைப் படிக்கிறதுக்கு வச்சுக்கோங்க. நூறு பக்க இங்கிலீஷ் வரைவைத் தமிழ்ல சுருக்கச் சொல்லுங்க, எந்தப் பிரிவு நம்ம ஊரைத் தொடுதுன்னு கேளுங்க. இல்லாத பிரிவையும் இருக்குன்னு சொல்லும், மூலத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பார்த்த விஷயத்தை மட்டும் நீங்களே எழுதுங்க. நாலு வரி போதும், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.

எந்த ஓடை அடைஞ்சு கிடந்துதுன்னு மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.