இல்லச் சுவரில் புடைப்புச் சிற்பம்

நகல் என்றாலே இகழ்ந்து நோக்குவது நம்மிடையே வழக்கம். மறுமலர்ச்சிக் கால பிளாரன்ஸ் நகரத்தார் அங்ஙனம் எண்ணினாரல்லர். 15ஆம் நூற்றாண்டில் டோனட்டெல்லோ, கிபெர்ட்டி முதலியோர் வகுத்த அன்னையும் மகவுமாகிய புடைப்புச் சிற்பங்களை அச்செடுத்து, சுதையிலும் சுடுமண்ணிலும் ஆக்கி, வண்ணந் தீட்டித் தம் இல்லங்களில் வைத்தனர். சலவைக்கல் வாங்க இயலாதவரும் கலையைக் கண்டு மகிழ இஃது வழி செய்தது.

நாம் வாழும் பெங்களூரிலும் எளிய சாந்துக்குப் பெருமை உண்டு. ஓவியர் வெங்கடப்பா (1886–1965) பாரிஸ் சாந்தில் புடைப்புச் சிற்பங்கள் சமைத்தார். கஸ்தூர்பா சாலையில் அவர் பெயரால் கலைக்கூடம் அமைந்துள்ளது.

தமிழகக் கோபுரங்களை நிறைக்கும் திருவுருவங்களும் சுதையே அன்றோ? ஊர்விட்டு வந்த நாம் கோபுரத்தைக் கொணர இயலாது. ஆயினும் வாடகை வீட்டுச் சுவரிலும் ஒரு சிறு சிற்பத்திற்கு இடமுண்டு. அதை நாள்தோறும் காணும் நம் குழந்தைகள், மூலத்தைத் தேடிச் செல்லும் ஆர்வம் பெறுவர்.