தாராவிக் கலவர இழப்பீடு: காவல், கருணை, உரிமை

1992 டிசம்பர் 6ஆம் நாள் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து பம்பாயில் அந்த டிசம்பரிலும் 1993 சனவரியிலும் இரு கட்டங்களாகக் கலவரம் நிகழ்ந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் அளித்த அறிக்கை, இறந்தோர் தொகையை 900 எனக் குறிக்கின்றது. உயிரிழப்பின் முன் பொருளிழப்பு சிறிதாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் வீடும் தொழிற்கூடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த தாராவியில், பொருள் எரிந்தது என்பதன் பொருள் பிழைப்பு எரிந்தது என்பதேயாகும். அவ்விழப்பை யார் ஈடுசெய்வது என்னும் வினாவுக்குச் சட்டம் காலந்தோறும் வேறுவேறு விடை கூறி வந்துள்ளது.

தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலை நாடிச் சென்றோர் வழியினர். அவர்தம் முன்னோர் வாழ்ந்த நிலத்தில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை இருந்தது. தென்பாண்டிச் சீமையின் தலங்காவல், திசைக்காவல் முறைகளில் காவற்கூலி பெற்றவன், களவுபோன பொருளை மீட்டுத்தர வேண்டும். இயலாதபோது அதன் விலையைத் தானே தரவேண்டும். இம்முறையில் கொடுமைகளும் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கூலி கொள்பவனே இழப்புக்குப் பொறுப்பாளி என்னும் நெறி அதன் அடித்தளமாக இருந்தது. பாளையக்காரர் போர்களின் முடிவில் கும்பினியார் காவலைக் கைக்கொண்டனர், அந்நெறியைக் கைக்கொள்ளவில்லை.

ஆங்கிலேயர் கொணர்ந்த முறை இதனின் வேறானது. 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டம் தொட்டு, குற்றம் நிகழ்ந்த வட்டாரத்து மக்களே இழப்பை ஏற்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் மரபு. 1861ஆம் ஆண்டு இந்தியக் காவல் சட்டத்தில் 1895இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு இம்மரபைப் பின்பற்றியது. அப்பிரிவின்படி இழப்புற்றவர் ஒரு திங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொகை அப்பகுதி மக்களிடம் வசூலிக்கப்படும். 1951ஆம் ஆண்டு பம்பாய்க் காவல் சட்டமும் இத்தகைய ஏற்பாட்டை உடையது. தாக்கியோரும் தாக்குண்டோரும் ஒரே சந்தில் வாழும் ஊரில் இது எரிந்தவன் வீட்டிலேயே வரி கேட்பதாக முடியும்.

இந்நிலையை மாற்றிய தீர்ப்பு ஒன்று தமிழகத்தில் தோன்றியமை குறிப்பிடத்தக்கது. 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் கோயம்புத்தூரில் சீக்கியர் முதலானோரின் கடைகளும் உடைமைகளும் சூறையாடப்பட்டன. இதன்மேல் எழுந்த ஆர். காந்தி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் புரியவும் குடிமக்களுக்குள்ள உரிமையைக் காக்கத் தவறிய அரசே, மாவட்ட ஆட்சியர் மதிப்பிட்ட இழப்பைத் தரவேண்டும் என்பது அதன் சாரம். கோவையில் சீக்கியருக்குப் பொருந்திய அந்நெறி பம்பாயில் தமிழருக்கும் பொருந்துவதே. நிவாரணம் என்பது கொடுப்பவன் கருணை. இழப்பீடு என்பது பெறுபவன் உரிமை. அரசாணைகளில் இவ்விரு சொற்களும் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கப்படுவதால் இவ்வேறுபாடு மறைந்துபோகின்றது.

மகாராட்டிர அரசு 1993 சூலை 8ஆம் நாள் ஆணையின்வழி, இறந்தோர் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் அறிவித்தது. உயிருக்கு ஒரே தொகை வகுத்தல் எளிது. பொருளுக்கோ சான்று வேண்டும்: காவல்துறைப் பதிவு, பஞ்சநாமா, குடும்ப அட்டை, வாங்கிய பொருளின் ரசீது. 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டி வழங்கப்பட்ட போட்டோபாஸ் குடியிருப்பைக் காட்டுமேயன்றி நில உரிமையைக் காட்டாது. பழைய விலைக்கு வாங்கிய தையற்பொறிக்கு ரசீது ஏது? துண்டுக்கூலிக்குத் தைக்கத் தந்த தோல் வணிகனுடையதா, தைப்பவனுடையதா? இருந்த தாள்களும் வீட்டோடு எரிந்திருக்கும்போது, சான்று கேட்பதே கோரிக்கையை மறுப்பதற்கு ஒப்பாகும்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. கலவர வழக்குகளில் பாதிக்கு மேற்பட்டவற்றைக் காவல்துறை ‘ஏ சம்மரி’ என முடித்தது. குற்றம் உண்மை, குற்றவாளி புலப்படவில்லை என்பது அதன் பொருள். குற்றவாளி புலப்படாமை தண்டனைக்குத் தடையாகலாம், இழப்பீட்டுக்குத் தடையன்று. தீவைப்பும் கொள்ளையும் உண்மையென அரசின் ஏடே ஒப்புக்கொண்டபின், ரசீது கேட்டு ஏழையை அலைக்கழித்தற்குச் சட்ட அடிப்படை மிக மெலிது.

2022 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம், சட்டம் ஒழுங்கைக் காக்க அரசு தவறியதே மக்களின் துன்பத்துக்கு அடிப்படை என்றும், ஆதலின் பாதிக்கப்பட்டோர் அரசிடம் இழப்பீடு கோரலாம் என்றும் உரைத்தது. காணாமற்போன 168 பேரில் 60 பேரின் குடும்பங்களே அதுவரை தொகை பெற்றிருந்தன. எஞ்சிய 108 பேரின் குடும்பங்களைத் தேடிக் கண்டறிந்து, 2 இலட்சம் ரூபாயை 1999 சனவரி 22 முதல் ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியுடன் தருமாறு பணித்தது. அப்பணியைக் கண்காணிக்க மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உறுப்பினர்-செயலர் தலைமையில் குழு ஒன்றையும் அமைத்தது. குழுவின் முன்னிருந்தவை முப்பதாண்டுப் பழமையுடைய முகவரிகள்.