காட்டுப்பன்றிக்கு கூண்டு: எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது? கொடைக்கானல் மலை விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ராத்திரி படுக்கப் போகும்போது கேரட் பாத்தி ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டியது போல மண் புரண்டு கிடக்கும். தின்றது கால்வாசி என்றால், கிளறிப் போட்டது முக்கால்வாசி. மன்னவனூர், பூம்பாறை, கூக்கால், கவுஞ்சி என கொடைக்கானல் மேல்மலை கிராமங்களில் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போடும் விவசாயிகளுக்கு இது பழகிப்போன காட்சி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் கீழ்மலையிலோ வாழைக்கன்றையும் கிழங்கையும் தோண்டிப் போட்டுவிடும்.

"ஒரு கூண்டு வச்சுப் பிடிச்சிட்டா என்ன?" என்ற கேள்வி உடனே வரும். பிடிக்கலாம். ஆனால் கூண்டை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இடம் தப்பினால் பன்றி சிக்காது. சட்டப்படி தப்பான இடம் என்றால், சிக்குவது விவசாயியாகவும் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரின பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி 'வேட்டை' என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. கூண்டு வைத்துப் பிடிப்பது, சுருக்கு மாட்டுவது, விஷம் வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது என அத்தனையும் வேட்டைதான்.

காட்டுப்பன்றி முன்பு 3-வது அட்டவணையில் இருந்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் 2-வது அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பிடித்தால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்தே விதிக்கப்படலாம். 'என் நிலம், என் கூண்டு' என்ற வாதம் இங்கே எடுபடாது.

1 கி.மீ, 3 கி.மீ: அது என்ன கணக்கு?

விவசாயிகளின் தொடர் கோரிக்கைக்குப் பிறகு, 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையில் இருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து, இடங்கள் 3 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன.

* காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ வரை: காட்டுப்பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது.
* 1 கி.மீ முதல் 3 கி.மீ வரை: சுடக் கூடாது. பிடித்து மீண்டும் காட்டில் விடலாம்.
* 3 கி.மீ-க்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பிடிப்பதும் சுடுவதும் வனத்துறையின் வேலை. விவசாயி தானே கூண்டு வாங்கி வைக்கவோ துப்பாக்கி எடுக்கவோ இது அனுமதி தரவில்லை.

பழனி மலையில் என்ன சிக்கல்?

சமவெளியில் இந்தக் கணக்கு சுலபம். மலையில் அப்படி இல்லை. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரின சரணாலயம் மட்டும் சுமார் 608 சதுர கி.மீ. மலைக் கிராமங்கள் பலவற்றுக்கு ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் காடு. அதனால் சேதம் அதிகம் நடக்கும் நிலம்தான் பெரும்பாலும் முதல் 1 கி.மீ-க்குள் வரும்.

இதில் 2 குழப்பங்கள் வரும். ஒன்று, ரோட்டு தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிப் போனால் 5 கி.மீ வரும் இடம், வரைபடத்தில் காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ-க்குள் இருக்கலாம். இரண்டாவது, மரம் இருக்கும் இடமெல்லாம் காப்புக்காடு என்று நினைப்பது. சீகை மரத்தோப்பு பட்டா நிலத்திலும் இருக்கும். மரமே இல்லாத புல்வெளி காப்புக்காட்டுக்குள்ளும் இருக்கும். எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

பன்றி எந்த வழியாக வருகிறது?

சட்டம் அனுமதிக்கும் இடமாகவே இருந்தாலும், பன்றி வராத இடத்தில் கூண்டு வைத்துப் பயன் இல்லை. காட்டுப்பன்றிக்குக் கண் பார்வை சுமார்தான், மோப்பம் அபாரம். மனித நடமாட்டம் உள்ள பகுதியில் பகல் முழுக்க புதரில் படுத்திருந்து, இருட்டியதும் கிளம்பும். கீழ்மலையில் உண்ணிச்செடிப் புதர், மேல்மலையில் சீகைத் தோப்பு என அடர்ந்து மறைவான இடங்கள் அதற்குப் பிடிக்கும்.

வழித்தடத்தைக் காட்டும் தடயங்கள் இவை:

* வேலியிலும் புதரிலும் முழங்கால் உயரத்தில் குகை போன்ற ஓட்டை. அதே ஓட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்.
* ஓடை, ஊற்று, கசிவுநீர் ஓரங்களில் புரண்டெழுந்த சேற்றுக்குழி. பன்றிக்கு வியர்க்காது. உடல் சூட்டைத் தணிக்கவும் உண்ணியைப் போக்கவும் சேறு வேண்டும்.
* சேற்றுக்குழிக்குப் பக்கத்து மரங்களில் அடிப்பகுதியில் அப்பிய சேறும், ஒட்டிய முரட்டு மயிரும்.
* புதிதாகக் கிளறிய மண், இரட்டைக் குளம்புத் தடம்.

இவற்றை ஒரு காகிதத்தில் படமாக வரைந்தால், படுக்கும் இடம், தண்ணீர், தோட்டம் மூன்றையும் இணைக்கும் பாதை கிடைத்துவிடும். தினமும் நிலத்தில் நடக்கும் விவசாயிக்குத்தான் இது நன்றாகத் தெரியும். வனத்துறைக்குப் பெரிய உதவியே இந்தத் தகவல்தான். பிறகு தானியங்கி கேமரா வைத்தால், எத்தனை உருப்படி, எத்தனை மணிக்கு, குட்டிகள் உண்டா என்பது உறுதியாகும்.

கூண்டுக்கு ஏற்ற இடம் எது?

பலரும் செய்யும் தவறு, சேதமான பாத்திக்கு நடுவிலேயே கூண்டை வைப்பது. சுற்றிலும் விளைந்த கிழங்கு இருக்கும்போது, கூண்டுக்குள் கிடக்கும் நாலு கைப்பிடி இரைக்காக பன்றி ஏன் உள்ளே போக வேண்டும்? தோட்டத்துக்கு வரும் வழியில், தோட்டத்துக்கு முன்னாடியே இரை இருக்க வேண்டும். புதரும் வெட்டவெளியும் சந்திக்கும் ஓரம் நல்ல இடம். வழித்தடத்தை மறித்து வைக்காமல், அதை ஒட்டி சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

தரை சமமாக இருப்பது முக்கியம். சரிவில் வைத்தால் கூண்டுக்கு அடியில் இடைவெளி விழும், மூக்கை விட்டு நெம்பியே பன்றி தூக்கிவிடும். மழைக்காலத்தில் மண் இளகினால் இன்னும் மோசம். மர நிழல் வேண்டும். வண்டி பக்கத்தில் வந்து நிற்க வழி வேண்டும். இல்லையென்றால் பிடித்த பன்றியை ஏற்றவே முடியாது.

ஒரு பன்றியைப் பிடிக்கும் சின்னக் கூண்டைவிட, வட்டமாக அடைக்கும் பெரிய பட்டி நல்லது. மூலை இருந்தால் பயத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும். தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகத்தான் திரியும். 2 மட்டும் சிக்கி 8 தப்பினால், தப்பியவை கூண்டைக் கண்டாலே ஒதுங்கும். சினைக்காலம் சுமார் 115 நாள்தான். ஒரு ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் வரை சாதாரணம். விட்டுப்போன கூட்டம் சீக்கிரமே பெருகிவிடும்.

அமெரிக்காவிலும் இதே அனுபவம்தான். அங்கே மிசௌரி மாநில வனப்பாதுகாப்புத் துறை, தன் நிலங்களில் பன்றி வேட்டைக்கு 2016-ல் தடை போட்டது. சுடச் சுட கூட்டம் சிதறிப் புது இடங்களுக்குப் பரவுகிறது, மொத்தமாகப் பிடிப்பதுதான் பலன் தரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

எங்கே வைக்கவே கூடாது?

* காட்டுமாடு நடமாடும் தடத்தில் வைக்கக் கூடாது. கொடைக்கானல் நகருக்குள்ளேயே சுற்றும் காட்டுமாடு 1-வது அட்டவணை விலங்கு. அதன் கன்று உள்ளே மாட்டினால், தாய் பக்கத்தில் யாரையும் விடாது.
* கீழ்மலையில் யானை வரும் பாதையில் கூடாது. வாழைப்பழம், பலாப்பழம் இரையாகப் போட்டால் பன்றிக்கு முன்னால் யானை வந்து நிற்கும்.
* பள்ளிக்கூடம், குடியிருப்பு, சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதை, மேய்ச்சல் வழி ஆகியவற்றின் பக்கத்தில் கூடாது. அடைபட்ட பன்றி ஆவேசமாக மோதும். ஆண் பன்றியின் கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும்.
* குடிநீர் ஊற்றுக்கு மேலே கூடாது.

வைத்த அன்றே பிடிக்க முடியுமா?

முடியாது. அவசரப்பட்டால் மொத்த வேலையும் வீண். முதல் சில நாட்கள் கதவைத் திறந்த நிலையிலேயே கட்டிவைத்து, இரை மட்டும் போட வேண்டும். முதலில் வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே. முழுக் கூட்டமும் பயமில்லாமல் உள்ளே போய் வருவது கேமராவில் தெரிந்த பிறகுதான் கதவை இயக்க வேண்டும். அதுவரை ஆளாளுக்கு வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. மனித வாடை பட்டால் பன்றி பாதையை மாற்றிவிடும்.

கதவை இயக்கிய பிறகு தினமும் விடிந்ததும் பார்க்க வேண்டும். மேல்மலையில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் சிக்கிய குட்டிகள் தாங்காது. வேறு விலங்கு மாட்டியிருந்தால் உடனே விட்டாக வேண்டும்.

விலங்கு எங்கே போகிறது என்று தெரியாமல் கூண்டு வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை பார்த்தது. ஊருக்குள் வந்த சிறுத்தைக்குக் கூண்டுகளும் கேமராக்களும் வைத்துத் தேடியும், அது சிக்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பன்றிக்கு ஒரு வசதி உண்டு. விளைச்சல் இருக்கும்வரை அதே தோட்டத்துக்கு மறுபடி மறுபடி வரும்.

பிடித்ததை எங்கே விடுவது?

கூண்டு வைக்கும் இடம் போலவே இதுவும் முக்கியம். பக்கத்துக் காட்டிலேயே விட்டால் திரும்பி வரும். தூரத்தில் கொண்டுபோய் விட்டால், அந்தக் காட்டை ஒட்டி வேறொரு கிராமம் இருக்கும். மேல்மலைப் பிரச்சினை கீழ்மலைப் பிரச்சினையாக மாறும், அவ்வளவுதான். அதனால்தான் கூண்டு மட்டுமே தீர்வாகாது.

சுருக்கு, அவுட்டுக்காய், திருட்டு மின்வேலி: ஏன் கூடாது?

கூண்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் சிலர் இந்த வழிக்குப் போகிறார்கள். இவற்றுக்குப் பன்றி எது, மனிதன் எது என்று தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் 3 யானைகள் செத்தன. அதே ஆண்டு, மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. ராத்திரி காவலுக்குப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரோ, வீட்டுப் பிள்ளையோ அந்தக் கம்பியை மிதிக்க ஒரு நொடி போதும்.

நிலம் 1 கி.மீ-க்குள் இருந்தால் என்ன செய்யலாம்?

மலை விவசாயிகள் பலருக்கும் இதுதான் உண்மையான கேள்வி. கூண்டு கிடையாது என்பதால் எதுவுமே கிடையாது என்று அர்த்தம் இல்லை.

* சேதமான அன்றே, மண்ணைச் சரிசெய்வதற்கு முன் தேதி தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டும்.
* வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நிவாரணம் கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், தோட்டக்கலைத் துறையினருக்கும் தகவல் தர வேண்டும்.
* சோலார் வேலி போடுவதாக இருந்தால், முன்கூட்டியே வனத்துறையிடம் விதிமுறை கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தனித்தனியாகப் போட்டால் பன்றி பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பும். பல தோட்டங்களைச் சேர்த்து ஒரே வேலியாகப் போட்டால் செலவும் குறையும்.
* வேலியின் கீழ்க்கம்பி தரையை ஒட்டி இருக்க வேண்டும். பன்றி தாண்டுவதைவிட அடியில் நுழைவதே அதிகம்.
* தோட்டத்தை ஒட்டிய பட்டா நிலப் புதர்களைச் சுத்தம் செய்ய வேண்டும். அறுவடைக் கழிவையும் அழுகிய காய்கறியையும் வேலியோரம் கொட்டக் கூடாது. அதைவிடப் பெரிய இரை வேறு இல்லை.

நிலம் 1 கி.மீ-க்கு அப்பால் இருந்தால், தடயங்களைக் குறித்த அந்தக் காகிதத்தோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போகலாம். 'பன்னி வருது, கூண்டு வைங்க' என்பதைவிட, 'இந்த ஓடையில் இருந்து, இந்த வேலி ஓட்டை வழியா, இத்தனை மணிக்கு வருது' என்று சொல்லும் புகாருக்கு வேலை சீக்கிரம் நடக்க வாய்ப்பு அதிகம்.