அச்சு இசைநூல் பட்டியலாக்கம்

அச்சு இசைநூல் பட்டியலாக்கம் என்பது சுர தாளக் குறிப்புகளுடன் அச்சிடப்பட்ட இசைநூல்களையும் தனித்தாள்களையும் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் தேடி எடுக்கும் வகையில் விவரித்துப் பதிவு செய்யும் பணியாகும். பிற நூல்களுக்கு ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு ஆகிய விவரங்கள் பெரும்பாலும் போதுமானவை. இசைநூலை நாடுவோர் பலர் அதனுள் அடங்கிய ஒரு பாடலையே தேடுவதால், இங்கு கூடுதல் விவரங்கள் தேவைப்படுகின்றன.

மேலைநாட்டு முறை

மேலைநாட்டு அச்சு இசைத்தாள்கள் பலவற்றில் ஆண்டு இடம்பெறுவதில்லை. அச்சுத் தகட்டில் பொறிக்கப்பட்ட எண்ணைக் கொண்டு பதிப்புக் காலத்தைக் கணிப்பர். ஒரே பெயருடைய படைப்புகளைப் பிரித்தறியத் தொடக்கச் சுரங்களும் பதிவு செய்யப்படுகின்றன. பழைய இசை மூலங்களைப் பட்டியலிடும் பன்னாட்டுத் திட்டம் ஒன்று 1952 இல் பாரிசு நகரில் தொடங்கப்பட்டது.

தமிழ் இசைநூல்கள்

கீர்த்தனை, பதம் ஆகியவற்றுக்குத் தனித் தலைப்பு இல்லை. பல்லவியின் முதற்சொற்களே பெயராக வழங்குகின்றன. எனவே முதற்சொல், இராகம், தாளம், இயற்றியவர், முத்திரை ஆகிய ஐந்தும் பதிவில் இடம்பெறுதல் நன்று. மொழியையும் எழுத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904 இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. தமிழ் எழுத்துப் பதிப்பு பிற்காலத்தது.

உடையார்பாளையம்: ஓர் எடுத்துக்காட்டு

இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள உடையார்பாளையத்தின் சமசுத்தான வித்துவானாக விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். இவரது பதங்களைப் பட்டியலிடுவதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, பெயர். "கனம்" என்பது அவர் தேர்ச்சி பெற்ற பாடும் முறையால் வந்த அடைமொழி. கனம் கிருஷ்ணையர், கிருஷ்ண ஐயர் முதலிய வடிவங்களுள் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, மற்றவற்றிலிருந்து "காண்க" குறிப்புத் தருதல் வேண்டும்.

இரண்டாவது, பாடலில் வரும் பெயர். சில பாடல்களில் அவரை ஆதரித்த சமீன்தார் கச்சிக் கலியாணரங்கரின் பெயர் வருகிறது. அதனை இயற்றியவர் பெயராகப் பதிவது பிழையாகும்.

மூன்றாவது, நூலின் வகை. பலருடைய பாடல்களும் அடங்கிய திரட்டில் தலைப்புப் பக்கம் தொகுத்தவரையே காட்டும். பைரவி இராகப் பதமான "வேலவரே" அத்தகைய திரட்டில் இருந்தால், உட்பதிவு இல்லாதவிடத்து கிருஷ்ணையர் பெயரில் தேடுபவருக்கு அது கிட்டாது. உ. வே. சாமிநாதையர் 1936 இல் வெளியிட்ட "கனம் கிருஷ்ணையர்" என்னும் வரலாற்று நூலையும் வாழ்க்கை வரலாறு என்று மட்டும் வகைப்படுத்தினால், இசைப் பிரிவில் தேடுவோர் அதனைக் காணார்.

இவ்வாறு ஏட்டிலிருந்து அச்சேறிய பாடலும் பட்டியலில் இடம்பெறாதபோது, நூலகத்தில் இருந்தும் பயன்படாமற் போகிறது.