குன்றின் மேல் கேட்ட கண்டிப்பு

ஜெபம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு கோரிக்கைப் பட்டியல்தான். பிள்ளையின் தேர்வு, அம்மாவின் நோய், நம்முடைய வேலை. எல்லாவற்றையும் சொல்லி ‘ஆமென்’ என்றதும் எழுந்துவிடுகிறோம். பதில் சொல்லக் கடவுளுக்கு நேரம் கொடுத்தோமா? சிறுவன் சாமுவேலுக்கும் கர்த்தரின் குரலை முதலில் அடையாளம் தெரியவில்லை. முதியவர் ஏலிதான் சொல்லிக்கொடுத்தார். ஆக, கேட்பதும் பழகிப் பெற வேண்டிய ஒன்று.

அதை 45 வயதில் பழகத் தொடங்கிய ஒருவரின் வரலாறு நம் அண்டை நாட்டில் இருக்கிறது. பிராங்க் லாபக் ஓர் அமெரிக்க மிஷனரி. 1915இல் பிலிப்பைன்ஸ் வந்தவர், 1929இன் இறுதியில் மிண்டனாவ் தீவின் டன்சாலான் நகருக்குச் சென்றார். 2017ஆம் ஆண்டுப் போரில் சிதைந்த மராவி நகரம்தான் அன்றைய டன்சாலான். அங்குள்ள மரனாவ் மக்கள் முஸ்லிம்கள். அமெரிக்கப் படைகளை எதிர்த்துப் போரிட்டவர்கள். அமெரிக்க மிஷனரியை எப்படி நம்புவார்கள்? மனைவியும் மகனும் தொலைவில், பாகியோவில். லாபக்கைத் தனிமை வாட்டியது.

மாலை வேளையில் தம் நாயுடன் சிக்னல் குன்றில் ஏறி அமர்வார். கடவுளிடம் வாய்விட்டுப் பேசுவார். பிறகு, உள்ளத்தில் எழுவதற்குச் செவிகொடுப்பார்.

அங்கே அவர் கேட்டது ஆறுதல் மொழி அன்று, கண்டிப்பு. வெள்ளையன் என்ற இறுமாப்பு இருக்கும்வரை இம்மக்களை நேசிக்க முடியாது என்று உணர்த்தப்பட்டார். தம் சமயத்தை அவர்கள் மதிக்க வேண்டுமானால், அவர்கள் சமயத்தைத் தாம் மதிக்க வேண்டும் என்பதும் புரிந்தது. குன்றிலிருந்து இறங்கியவர் இமாம்களை நாடி, குர்ஆனைக் கற்க விரும்புவதாகச் சொன்னார். போதிக்க வந்தவர் மாணவரானார்!

அதன் பிறகே கதவு திறந்தது. அம்மக்களின் மொழியிலேயே எழுத்தறிவுப் பாடங்கள் தொடங்கின. பொருளாதார மந்தத்தால் பணம் நின்றபோது, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பித்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றவர் மரனாவ் தலைவர் ஒருவர். அந்த முறை பின்னாளில் நூறு நாடுகளைத் தாண்டிப் பரவியது. லாபக் தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் 1937இல் நூலாக வந்தன. அவர் 1970இல் மறைந்தார்.

உள்ளத்தில் எழுவதெல்லாம் கடவுளின் குரலா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் ஆசையும் அதே குரலில் பேசும். ஆனால், லாபக்கின் வாழ்க்கை நமக்கு ஓர் உரைகல்லைத் தருகிறது. அவர் கேட்ட சொல் அவருடைய பெருமையை அடக்கியது. பக்கத்தில் இருந்தவர்களிடம் அவரை அனுப்பிவைத்தது.

இன்றிரவு ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து பாருங்கள். நெடுநாளாக நீங்கள் பேசாத பக்கத்து வீட்டுக்காரரின் முகம் நினைவுக்கு வந்தால், அதைத் தள்ளிவிடாதீர்கள்.