குதிரை (சீன சோதிடம்)

குதிரை என்பது சீன சோதிடத்திலுள்ள பன்னிரண்டு விலங்குக் குறிகளுள் ஏழாவது ஆகும். இது பாம்புக்கும் ஆட்டுக்கும் இடையில் இடம்பெறுகிறது. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரையான பொழுதும், தெற்குத் திசையும், ஐந்து மூலகங்களுள் நெருப்பும் இக்குறிக்கு உரியவை. விலங்குகளின் ஓட்டப் போட்டி பற்றிய நாட்டார் கதையின்படி, குதிரையின் காலில் சுற்றியிருந்த பாம்பு இறுதியில் திடீரென வெளிப்பட்டுக் குதிரையை மருளச் செய்து, ஆறாம் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

குதிரை ஆண்டுகள்

சீனப் புத்தாண்டு சனவரி பிற்பகுதியிலோ பெப்ரவரியிலோ தொடங்குவதால், சனவரி, பெப்ரவரி மாதங்களில் பிறந்தவர்கள் நாளையும் நோக்கியே குறியை அறிதல் வேண்டும்.

* 1966 சனவரி 21 – 1967 பெப்ரவரி 8: நெருப்பு
* 1978 பெப்ரவரி 7 – 1979 சனவரி 27: மண்
* 1990 சனவரி 27 – 1991 பெப்ரவரி 14: உலோகம்
* 2002 பெப்ரவரி 12 – 2003 சனவரி 31: நீர்
* 2014 சனவரி 31 – 2015 பெப்ரவரி 18: மரம்
* 2026 பெப்ரவரி 17 – 2027 பெப்ரவரி 5: நெருப்பு

இயல்புகள்

இக்குறியில் பிறந்தவர்கள் சுறுசுறுப்பும் பேச்சுத் திறனும் உடையவர்கள், பயணத்தையும் விடுதலையையும் விரும்புபவர்கள் எனச் சோதிடம் கூறுகிறது. பொறுமையின்மை, முன்கோபம், தொடங்கியதை முடிக்காமல் விடுதல் ஆகியன இவர்களின் குறைகளாகச் சொல்லப்படுகின்றன.

பொருத்தம்

புலி, நாய் ஆகியவை குதிரையுடன் ஒரே முக்கூட்டைச் சேர்ந்தவை. எனவே இவை நற்பொருத்தம் உடையனவாகக் கருதப்படுகின்றன. ஆடு குதிரையின் இணைக்குறி ஆகும். சுழற்சியில் நேரெதிரே அமைந்த எலி பொருந்தாக் குறியாகும். எருதும் பொருத்தமற்றது என்பர்.

நெருப்புக் குதிரை

60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு சப்பானில் "ஹினோயே உமா" எனப்படுகிறது. அவ்வாண்டில் பிறக்கும் பெண்கள் கணவனுக்குக் கேடு விளைவிப்பர் என்ற நம்பிக்கை அங்கு நிலவியது. தீ வைத்த குற்றத்திற்காக 1683 இல் எடோ நகரில் கொல்லப்பட்ட ஒஷிச்சி என்னும் இளம்பெண் 1666 இல் பிறந்தவள் என்ற கதை இந்நம்பிக்கையைப் பரப்பியது.

1906 இல் பிறந்த பெண்குழந்தைகள் சிலரின் பிறப்பை, பெற்றோர் முந்தைய அல்லது அடுத்த ஆண்டில் பதிவு செய்தனர். அவ்வாண்டில் பிறந்த பெண்கள் பின்னாளில் திருமணத் தடைகளை எதிர்கொண்டனர். 1966 இல் பலர் குழந்தைப் பேற்றையே தவிர்த்தனர். 1965 இல் 1,823,697 ஆக இருந்த பிறப்புகள் 1966 இல் 1,360,974 ஆக, அதாவது ஏறத்தாழ 25% குறைந்து, 1967 இல் 1,935,647 ஆக உயர்ந்தன. கருவின் பாலை முன்கூட்டியே அறியும் வசதி அக்காலத்தில் பரவலாக இல்லாமையால், ஆண் பிறப்புகளும் உடன் குறைந்தன.

1966 இல் மொத்தக் கருவள வீதம் 1.58 ஆகும். 1989 இல், எவ்வித மூடநம்பிக்கையும் காரணமாக இல்லாத நிலையிலேயே, இது 1.57 ஆகக் குறைந்தது. இச்செய்தி சப்பானில் "1.57 அதிர்ச்சி" எனப் பெயர்பெற்றது.

பிறந்த ஆண்டு ஒருவரின் குணத்தையோ மணவாழ்வையோ தீர்மானிக்கிறது என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. எனினும், இத்தகைய நம்பிக்கை ஒரு நாட்டின் மக்கள்தொகையிலேயே தடம் பதிக்கக்கூடும் என்பதற்கு 1966 ஆம் ஆண்டு சான்றாக உள்ளது.