ராஜேந்திர யாதவ்

ராஜேந்திர யாதவ் (28 ஆகஸ்ட் 1929 – 28 அக்டோபர் 2013): இந்தி நாவலாசிரியர், சிறுகதையாளர், இதழாசிரியர். விடுதலைக்குப் பின் இந்திப் புனைகதையின் போக்கை மாற்றிய ‘நயீ கஹானி’ (புதுச் சிறுகதை) இயக்கத்தின் மூலவர் மூவரில் ஒருவர். மற்ற இருவர் மோகன் ராகேஷ், கமலேஷ்வர். பிரேம்சந்த் தொடங்கிய ‘ஹன்ஸ்’ இதழை 1986-இல் மீண்டும் கொண்டுவந்து, இறக்கும்வரை 27 ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார்.

ஆக்ராவில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் காலில் பட்ட அடி சரியாக ஆறாததால் ஊன்றுகோலின் துணையோடுதான் பிற்காலம் முழுவதும் நடந்தார். 1951-இல் ஆக்ரா பல்கலைக்கழகத்தில் இந்தியில் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு கல்கத்தா சென்று 1964 வரை அங்கே வாழ்ந்தார். அவருடைய சிறந்த நாவல்களும் கதைகளும் பெரும்பாலும் அந்தக் காலத்தவை.

‘சாரா ஆகாஷ்’

யாதவின் புகழுக்கு அடித்தளம் ‘சாரா ஆகாஷ்’ (முழு வானம்). இது முதலில் 1950-களின் தொடக்கத்தில் ‘பிரேத் போல்தே ஹை’ (பேய்கள் பேசுகின்றன) என்ற பெயரில் வெளிவந்தது. அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு. சில ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியரே அதைத் திருத்தி எழுதிப் புதுப்பெயரில் வெளியிட்டார். அதன் பிறகு இந்தியில் மிகுதியாக விற்ற நாவல்களுள் ஒன்றாக அது ஆயிற்று.

கதை ஒரு கீழ்நடுத்தர வர்க்கக் கூட்டுக்குடும்பத்துக்குள் நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் சமர், நாட்டுக்காக எதையோ பெரிதாகச் செய்யப் பிறந்தவன் என்று தன்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருப்பவன். அவன் விருப்பத்தைக் கேட்காமல் வீட்டார் பிரபாவை மணமுடித்து வைக்கிறார்கள். பெற்றோர் மீதுள்ள கோபத்தை மனைவி மீது காட்டி, ஒரே வீட்டில் இருந்துகொண்டே மாதக்கணக்கில் அவளோடு பேசாமல் இருக்கிறான். மாமியாரும் அண்ணியும் பிரபாவை நடத்தும் விதம், வேலையில்லாத மகனைத் தந்தை பார்க்கும் பார்வை, காசு பற்றிய ஓயாத பேச்சு எல்லாம் அந்த மௌனத்தைச் சுற்றியே நகர்கின்றன. நாவலின் முதற்பாதி ‘மாலை’, பிற்பாதி ‘காலை’. பிற்பாதியில் கணவனும் மனைவியும் பேசத் தொடங்குகிறார்கள். ஆனால் வீடும் வறுமையும் மாறவில்லை. கூட்டுக்குடும்பம் என்ற அமைப்பே தவறு என்று நண்பன் ஷிரீஷ் சமரிடம் வாதாடும் பகுதிகள் கட்டுரைபோல நீண்டாலும், அன்றைய இளைஞர்களை நாவல்பால் இழுத்தவை அவையே. பெண்ணின் துன்பத்தைச் சொல்ல அவளைத் துன்புறுத்துபவனின் குரலைத் தேர்ந்துகொண்டதே இந்நாவலின் துணிச்சல். தன் தவறு இன்னதென்று தெரியாமலே சமர் அதைச் சொல்லிக்கொண்டு போகிறான். வாசகர் அவனுக்கு முன்பே புரிந்துகொள்கிறார்.

பாசு சட்டர்ஜி தம் முதல் படமாக இதை 1969-இல் எடுத்தார். நாவலின் முதற்பாதியை மட்டுமே அவர் பயன்படுத்தினார். ஆக்ராவிலேயே படமாக்கப்பட்டது, கே. கே. மகாஜனின் ஒளிப்பதிவு தேசிய விருது பெற்றது. ‘புவன் ஷோம்’, ‘உஸ்கி ரோட்டி’ ஆகியவற்றோடு இந்தித் திரையின் புதிய அலையைத் தொடங்கிய படமாக இது எண்ணப்படுகிறது.

பிற நாவல்களில் ‘உக்டே ஹுவே லோக்’ (1956) குறிப்பிடத்தக்கது. மணச்சடங்கு இல்லாமல் சேர்ந்து வாழத் துணியும் ஓர் இணை, அரசியல்வாதியான ஒரு முதலாளியின் நிழலில் பிழைக்க நேர்வதைச் சொல்லும் நாவல் அது. ‘குல்டா’, நாட்குறிப்பு வடிவிலான ‘ஷஹ் அவுர் மாத்’ ஆகியவை அடுத்தடுத்து வந்தன.

புதுச் சிறுகதை

1950-களின் நடுவில் அலகாபாத்திலிருந்து வந்த ‘கஹானி’ இதழைச் சுற்றி ஒரு புதிய தலைமுறை திரண்டது. முந்தைய கதைகளின் அறிவுரைத் தொனியும் கொள்கைப் பிரசாரமும் இவர்களுக்கு உவப்பாக இல்லை. நகரத்து வாடகை வீடு, வேலைக்குப் போகும் பெண், முறிந்துபோகும் மணவாழ்வு என்று நேரில் கண்டறிந்த வாழ்க்கையையே இவர்கள் எழுதினார்கள். திறனாய்வாளர் நாம்வர் சிங், நிர்மல் வர்மாவின் ‘பரிந்தே’ கதையிலிருந்தே புதுச் சிறுகதை தொடங்குகிறது என்றார். அது அவருடைய ரசனையின் தேர்வு. எழுதியும் வாதாடியும் தொகுத்தும் அதை ஓர் இயக்கமாக ஆக்கியவர்கள் ராகேஷ், கமலேஷ்வர், யாதவ் மூவருமே. கிராமத்தை எழுதிய மார்க்கண்டேய, சிறுநகரத்து எளியவர்களை எழுதிய அமர்காந்த், தொழிலாளர்களை எழுதிய சேகர் ஜோஷி ஆகியோரையும் இவ்வியக்கத்தின் கிளைகளாகவே கொள்ளவேண்டும்.

யாதவின் கதைகளில் ‘ஜஹாங் லக்ஷ்மி கைத் ஹை’ (லட்சுமி சிறைப்பட்ட இடம், 1957) முதன்மையானது. தன் செல்வம் மகள் லட்சுமியால் வந்தது என்று நம்பும் மாவுமில் முதலாளி ஒருவர், அவளை மணம் செய்து கொடுக்காமல் வீட்டிலேயே அடைத்து வைக்கிறார். அங்கே கணக்கெழுதும் மாணவன், அவள் படித்த பத்திரிகையில் சில வரிகளுக்குக் கீழே கோடிட்டிருப்பதைக் காண்கிறான். அக்கோடுகள் வழியாகவே அவளுடைய கூக்குரல் அவனை எட்டுகிறது. பிற்காலத்தில் பெண் விடுதலை பற்றி யாதவ் எழுதிய அத்தனை கட்டுரைகளையும்விட இந்த ஒரு கதை வலியது.

‘ஏக் துனியா: சமானாந்தர்’ (1966) அவர் தொகுத்த புதுச் சிறுகதைத் திரட்டு. அதன் நீண்ட முன்னுரை அந்த இயக்கத்தின் கொள்கை விளக்கமாகவே படிக்கப்படுகிறது. செகாவின் நாடகங்கள், லெர்மந்தோவ், துர்கனேவ், ஆல்பர் காம்யுவின் ‘அந்நியன்’ ஆகியவற்றையும் இந்தியில் மொழிபெயர்த்தார்.

மன்னூ பண்டாரி

கல்கத்தாவில் ஆசிரியையாக இருந்த எழுத்தாளர் மன்னூ பண்டாரியை 1959-இல் மணந்தார். இருவரும் மாறிமாறி அத்தியாயங்கள் எழுதிய ‘ஏக் இஞ்ச் முஸ்கான்’ (1963), இரு பெண்களுக்கிடையே தவிக்கும் ஓர் எழுத்தாளனின் கதை. பிறகு டெல்லியில் குடியேறினார்கள். மன்னூ மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் கற்பித்தபடி ‘ஆப்கா பண்டி’, ‘மகாபோஜ்’ நாவல்களை எழுதினார். யாதவ் அக்ஷர் பிரகாஷன் பதிப்பகத்தைத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இல்லறம் பிரிவில் முடிந்தது. மன்னூவின் தன்வரலாறான ‘ஏக் கஹானி யஹ் பீ’ அதை மறைக்காமல் பேசுகிறது.

‘ஹன்ஸ்’

1930-இல் பனாரஸில் பிரேம்சந்த் தொடங்கிய ‘ஹன்ஸ்’ நின்றுபோய்ப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. 1986-ஆம் ஆண்டு பிரேம்சந்தின் பிறந்தநாளான ஜூலை 31 அன்று யாதவ் அதை மீண்டும் வெளியிட்டார். டெல்லி தரியாகஞ்சில் அன்சாரி சாலையிலிருந்த அதன் அலுவலகம், வெளியூரிலிருந்து வரும் இளம் எழுத்தாளர் யாரும் தயங்காமல் நுழையக்கூடிய இடமாக இருந்தது. பெரிய நிறுவனங்களின் இந்தி இதழ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில், ஒரு தனி மனிதரின் முயற்சியால் கதைக்கென்று மாதந்தோறும் ஓர் இதழ் நிலைத்தது. உதய் பிரகாஷ், சிவமூர்த்தி, மைத்ரேயி புஷ்பா முதலியோரின் எழுத்து இதன்வழியே பரவலாகச் சென்று சேர்ந்தது. ஓம்பிரகாஷ் வால்மீகி, மோகன்தாஸ் நைமிஷராய் போன்ற தலித் எழுத்தாளர்களுக்கு இந்தியின் மைய நீரோட்டத்தில் இடம் கிடைக்க இவ்விதழே முன்னின்றது. மண்டல் இடஒதுக்கீட்டை ஆதரித்தும் மதவாதத்தை எதிர்த்தும் ‘மேரி தேரி உஸ்கி பாத்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய தலையங்கங்கள் மாதந்தோறும் சண்டையைக் கிளப்பின. பெண்களைப் பற்றிய அவருடைய சில கட்டுரைகள் பெண் எழுத்தாளர்களின் கண்டனத்துக்கும் ஆளாயின. இதழ் பெருகப் பெருக அவருடைய சொந்தப் புனைவு ஏறத்தாழ நின்றுபோனது. அந்த இழப்பை அறிந்தே அவர் ஏற்றுக்கொண்டார்.

டெல்லி இந்தி அகாதெமியின் ஷலாகா சம்மான் விருது பெற்றார். சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைக்கவில்லை. ‘முட்-முட் கே தேக்தா ஹூங்’ அவருடைய தன்வரலாற்று நூல். 2013 அக்டோபரில் டெல்லியில் காலமானார். அதன்பின் மகள் ரச்சனா யாதவின் பொறுப்பிலும் சஞ்சய் சகாயின் ஆசிரியத்துவத்திலும் ‘ஹன்ஸ்’ தொடர்ந்து வெளிவந்தது.